உணரி வலையில் நம்பகமும் காப்பும்

நம் நாட்டில் பருவமழை வலுக்கும் மாதங்களில், ஆற்றோரக் கம்பங்களிலும் தோட்டங்களிலும் வாழ்வோர் வானத்தைப் பார்ப்பதோடு கைப்பேசியையும் பார்க்கின்றனர். வடிகால் நீர்ப்பாசன இலாகா ஆறுகளின் நீர்மட்டத்தை இணையத்தில் வெளியிட்டு வருகின்றது. இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்னும் நான்கு படிகளில் ஆற்றின் நிலை அங்கே காட்டப்படும். இத்தனை மீட்டர் என்று அங்கே எழுதுபவர் யார்? ஆற்றங்கரையில் ஆளின்றி நிற்கும் ஒரு கருவி நீரின் உயரத்தை அளந்து அனுப்புகின்றது. அதன் சொல்லை நம்பியே ஒரு குடும்பம் நள்ளிரவில் பாயைச் சுருட்டிக்கொண்டு மேட்டுக்குப் போகின்றது. அதன் சொல்லை நம்பியே மற்றொரு குடும்பம் விளக்கை அணைத்துவிட்டு உறங்குகின்றது.

அக்கருவி பழுதுபட்டுத் தவறாகச் சொன்னால் என் செய்வது? தீயோன் ஒருவன் அதன் பெயரால் வேறு எண்ணை அனுப்பினால் என் செய்வது? இவ்வினாக்களை ஆராய்வதற்கென்றே கணினி இயலில் ஒரு பகுதி வளர்ந்துள்ளது. அதன் அடிப்படை கடினமானதன்று. கூட்டலும் வகுத்தலும் அறிந்த ஆறாம் ஆண்டு மாணவனுக்கும் அதன் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். ஆசிரிய அன்பர்களுக்குப் பயன்படுமென்று கருதி அதனை இங்கு விளக்குவோம்.

உணரி வலை என்பது யாது?

வெப்பம், ஈரம், ஒளி, அழுத்தம், நீர்மட்டம் முதலியவற்றை அளந்து மின்குறியாக மாற்றித் தரும் கருவி உணரி எனப்படும். சென்சார் என்றும் அதனை வழங்குவர். ஓர் உணரியோடு சிறு கணினி, வானொலிக் கருவி, மின்கலம் ஆகியவற்றைச் சேர்த்து, அத்தகையன பலவற்றை ஓரிடத்தில் பரப்பி, ஒன்றோடொன்று பேசும்படி அமைத்தால் அது உணரி வலை ஆகும். தொலைவிலுள்ள உணரி தன் செய்தியை அண்டையிலுள்ள உணரியிடம் கொடுக்கும். அது தனக்கு அடுத்ததிடம் கொடுக்கும். இவ்வாறு கை மாறிக் கை மாறிச் செய்தி தலைமை நிலையத்தை அடையும்.

2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேய்ன் மாநிலக் கரைக்கு அப்பாலுள்ள கிரேட் டக் என்னும் சிறு தீவில் 32 உணரிகள் வைக்கப்பட்டன. அங்கே ஒருவகைக் கடற்பறவை மண்ணில் வளை தோண்டிக் கூடு அமைக்கின்றது. வளைக்குள் வெப்பமும் ஈரமும் எவ்வாறு மாறுகின்றன என்பதை, மனிதர் அடிக்கடி போய்ப் பறவைகளைக் கலைக்காமல் அறிவதே நோக்கம். இத்துறையின் தொடக்கக் காலப் பணிகளுள் இது பெயர் பெற்றது.

அக்காலத்து உணரிகள் மிக எளியவை. வேலை செய்வதற்குரிய நினைவகம் 4 கிலோபைட்டே. ஏறத்தாழ நான்காயிரம் ஆங்கில எழுத்துகள் அடங்கும் இடம். உயிர் கொடுப்பவை இரண்டு சிறிய மின்கலங்கள். இன்றைய உணரிகள் ஆற்றல் மிகுந்தவை. எனினும் மூன்று குறைகள் இன்றும் உள. மின்கலத்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும். பேச்சு வானொலி வழியே நடப்பதால் அருகிலிருக்கும் எவரும் ஒட்டுக் கேட்கலாம். கருவி காட்டிலும் கரையிலும் காவலின்றிக் கிடப்பதால், எடுத்துச் சென்று பிரித்துப் பார்க்கவும் முடியும்.

இரண்டு வேறு வினாக்கள்

ஒரு செய்தி வந்ததும் இரண்டு வினாக்களைக் கேட்க வேண்டும். இதனைச் சொன்னவர் யார், வழியில் எவரேனும் இதனை மாற்றினரா என்பது முதல் வினா. இதற்கு விடை தருவது காப்பு. சொன்னது உண்மையா என்பது இரண்டாம் வினா. இதற்கு விடை தேடுவது நம்பகம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் பெருந்தீங்கு விளைகின்றது.

ரப்பர்த் தோட்டங்களில் பால் நிறுத்து வாங்கிய முறையை அறிந்தவர்க்கு இவ்வேற்றுமை எளிதில் விளங்கும். வெட்டுத் தொழிலாளியின் எண்ணைக் கேட்டுக் கிராணி ஏட்டில் எடையைப் பதிவார். யாருடைய பால் என்பது அதனால் உறுதியாகும். பாலில் எவ்வளவு ரப்பர் உள்ளது என்பதை எண்ணும் சொல்லாது, எடையும் சொல்லாது. அதற்கு மெட்ரோலாக் என்னும் மிதவை மானியைப் பாலில் இட்டுப் பார்ப்பார்கள். நீர் மிகுந்திருந்தால் மானி காட்டிவிடும். அந்த நீர் மழையால் சேர்ந்ததா, மனிதர் சேர்த்ததா என்பதை மானியும் சொல்லாது. எண் கேட்பது காப்பு. மானி இடுவது நம்பகச் சோதனை. மழை நீரா, ஊற்றிய நீரா என்னும் அதே ஐயம் உணரி வலையில் பழுதா, பொய்யா என்னும் ஐயமாக வருகின்றது.

காப்பு இல்லாவிடில் நேர்வது யாது என்பதற்கு ஒரு சான்று காண்போம். 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், மரூச்சி வட்டாரத்துக் கழிவுநீர் ஏற்று நிலையங்கள் வானொலி வழியே இயக்கப்பட்டு வந்தன. அவ்வமைப்பை நிறுவிய நிறுவனத்தில் முன்னர் வேலை பார்த்த ஒருவர், மடிக்கணினியும் வானொலிக் கருவியும் கொண்டு, தம்மை நிலையங்களுள் ஒன்றாகக் காட்டிப் பொய்க் கட்டளைகளை அனுப்பினார். ஏறத்தாழ 8 இலட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஆற்றிலும் பாய்ந்தது. 2001ஆம் ஆண்டில் அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கட்டளை ஒவ்வொன்றும் இரகசியத் திறவுகோலால் முத்திரை இடப்பட்டிருந்தால், முத்திரையில்லாக் கட்டளையை நிலையங்கள் ஏற்றிரா.

காப்பு இருந்தும் நம்பகம் சோதிக்கப்படாவிடில் நேர்வது யாது? 2018ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் ஜக்கார்த்தாவிலிருந்து புறப்பட்ட லயன் ஏர் நிறுவனத்தின் போயிங் 737 மேக்ஸ் விமானம் ஜாவாக் கடலில் விழுந்தது. அதிலிருந்த 189 பேரும் மாண்டனர். எதிர்வரும் காற்றை விமானம் எந்தக் கோணத்தில் சந்திக்கின்றது என்பதை அளக்கும் உணரிகள் இரண்டு அதில் இருந்தன. அவை காட்டிய அளவுகள் ஏறத்தாழ 20 பாகை வேறுபட்டன. மூக்கைத் தானே கீழ்நோக்கித் தள்ளும் ஒரு கட்டுப்பாட்டு முறை அவ்விரண்டில் ஒன்றை மட்டுமே கேட்டது; கேட்ட உணரி பிழையானது. 2019ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் எத்தியோப்பியாவில் அதே வகை விமானம் ஒன்று அதே முறையின் தவற்றால் விழுந்து 157 பேர் மாண்டனர்.

அவ்வுணரியின் பெயரால் வேறு எவரும் பேசவில்லை. செய்தி வழியில் மாற்றப்படவும் இல்லை. பேசியது உண்மையான உணரியே, பேசியதுதான் பொய். பக்கத்திலிருந்த மற்றோர் உணரியைக் கேட்டிருந்தால் ஐயம் தோன்றியிருக்கும். பின்னர்த் திருத்தப்பட்ட முறையில் இரண்டு உணரிகளும் ஒப்பிடப்படுகின்றன. அவை 5.5 பாகை அல்லது அதற்கு மேல் வேறுபட்டால் அக்கட்டுப்பாட்டு முறை இயங்காது.

நம்பகத்தை எண்ணால் அளத்தல்

ஒருவரை எவ்வளவு நம்பலாம் என்பதை எண்ணால் சொல்ல முடியுமா? முடியும் என்று காட்டியோர் பலர். 2002ஆம் ஆண்டில் ஆடுன் யோசாங், ரொஸ்லான் இஸ்மாயில் ஆகிய இருவரும் இணைய வாணிகத்தில் ஈடுபடுவோரின் நம்பகத்தை அளக்க ஒரு முறையை வெளியிட்டனர். 2004ஆம் ஆண்டில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த சவுரப் கணேரிவால், மணி ஸ்ரீவஸ்தவா ஆகியோர் அதே வகைக் கணக்கை உணரி வலைக்குக் கொண்டுவந்தனர்.

ஒவ்வோர் உணரியும் தன் அண்டை உணரியைக் கவனிக்கும். நான் கொடுத்த செய்தியை அது அடுத்ததற்குக் கடத்தியதா? அது சொன்ன வெப்பநிலை சுற்றிலுமுள்ளவை சொன்னதோடு ஒத்ததா? ஒத்தால் நன்மைக் கணக்கில் ஒன்று கூடும். ஒவ்வாவிடில் தீமைக் கணக்கில் ஒன்று கூடும். பிறகு விதி இது: நன்மையின் எண்ணிக்கையோடு 1 கூட்டுக, நன்மை தீமை இரண்டின் மொத்தத்தோடு 2 கூட்டுக, முன்னதைப் பின்னதால் வகுக்க. வருவது நம்பகம்.

புதிதாக வந்த உணரிக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. அதன் நம்பகம் 1/2. அறியாதவனைப் பாதி நம்பு, பாதி ஐயுறு என்பது இதன் பொருள். மூன்று முறை சோதித்து மூன்றும் நன்மையாயின் 4/5, அதாவது 0.80. முப்பது முறையும் நன்மையாயின் 31/32, ஏறத்தாழ 0.97. இரண்டு உணரிகளும் ஒருமுறைகூடத் தவறவில்லை; எனினும் நெடுநாள் பழகியதற்கு மதிப்பு உயர்கின்றது. எட்டு நன்மையும் இரண்டு தீமையும் உடையதற்கு 9/12, அதாவது 0.75. ஒன்றும் இரண்டும் ஏன் கூட்டவேண்டும் என்று மாணவர் கேட்பர். கூட்டாவிடில், ஒரே ஒருமுறை சரியாகச் சொன்ன உணரிக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும் என்று விடை கூறலாம்.

பழைய புகழ் தேய வேண்டும்

இக்கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. ஓர் உணரி 98 முறை ஒழுங்காக நடந்து, பிறகு தீயோர் கையில் சிக்கிப் பொய் சொல்லத் தொடங்குகின்றது எனக் கொள்வோம். 20 பொய்களுக்குப் பின்னும் அதன் நம்பகம் 99/120, அதாவது 0.82க்கு மேல். அது 98 பொய் சொன்ன பிறகே நம்பகம் பாதிக்கு இறங்கும். பழைய நற்பெயர் புதிய தீச்செயலுக்கு மறைப்பாகி விடுகின்றது. கொஞ்ச நாள் நன்மை, கொஞ்ச நாள் தீமை என மாறி மாறி நடந்து ஏமாற்றுவதும் உண்டு.

இதற்கு மருந்து, பழையதைத் தேய விடுதல். புதிய நிகழ்ச்சி ஒவ்வொன்றின்போதும் பழைய எண்ணிக்கைகளை 0.9 ஆல் பெருக்கிக் குறைத்துக்கொண்டு பிறகு புதியதைக் கூட்டுவர். அவ்வாறு செய்தால் எத்தனை நாள் நல்லதாக நடந்தாலும் நன்மைக் கணக்கு 10ஐத் தாண்டாது. நம்பகம் 11/12, அதாவது 0.92 அளவில் நிற்கும். அது பொய் சொல்லத் தொடங்கினால் ஏழாவது பொய்யிலேயே நம்பகம் 0.48 ஆகிப் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். 98 எங்கே, 7 எங்கே! ஆயின் விரைவில் இறங்குவது விரைவில் ஏறவும் செய்யும். ஆதலின், தவறும்போது விரைந்து இறங்கவும் திருந்தும்போது மெல்ல ஏறவும் இரு வேறு அளவுகளை வைத்துக் கணக்கிடுவோரும் உளர்.

புறங்கூறலும் பல வேடமும்

ஓர் உணரி எல்லாவற்றையும் நேரில் காண இயலாது. பிறர் சொல்லையும் கேட்க வேண்டும். அங்கேதான் புறங்கூறல் நுழைகின்றது. தீய உணரிகள் கூடி நல்ல உணரியைக் கெட்டது என்று சொல்லலாம். தம்முள் ஒன்றை ஒன்று புகழ்ந்துகொள்ளலாம். இதனால் நேரில் கண்டதற்கு மிகுதியாகவும், கேள்விப்பட்டதற்குக் குறைவாகவும் எடை தருவர். சொல்பவரின் நம்பகத்தால் அவர் சொல்லைப் பெருக்கிக் குறைத்துக்கொள்வர். மேற்சொன்ன 2004ஆம் ஆண்டு முறையில் பிறரைப் பற்றிய நற்செய்தி மட்டுமே பரப்பப்பட்டது. புறங்கூறலுக்கு அங்கு இடமில்லை. ஆனால் ஓர் உணரி பட்ட துன்பத்தைச் சொல்லி மற்றதை எச்சரிக்கவும் அங்கு வழியில்லை. ஒன்றைப் பெற ஒன்றை இழப்பது இத்துறையில் எங்கும் காணும் நிலை.

ஒருவனே பல பெயர்களில் வந்து பல சாட்சிகளைப் போல் பேசுவதும் உண்டு. 2002ஆம் ஆண்டில் ஜான் டூசர் என்பவர் இதனை ஆராய்ந்து எழுதினார். பல ஆளுமைகள் ஒரே உடலில் தோன்றிய பெண்ணைப் பற்றிய நூலின் பெயரால் இது சிபில் தாக்குதல் எனப்படுகின்றது. ஒரு பெயரின் நம்பகம் கெட்டால் அதனைக் களைந்துவிட்டு, புதுப் பெயரோடு மீண்டும் 1/2 பெற்று வரலாம் அன்றோ? ஆகவே, உணரி ஒவ்வொன்றுக்கும் தனித் திறவுகோல் கொடுத்து, அதில்லாதவர் பெயர் சூட்டிக்கொள்ளாதவாறு காக்க வேண்டும். காப்பு இல்லாத இடத்தில் நம்பகக் கணக்குக்குப் பொருளே இல்லை.

மூன்று சாட்சிகள்

அண்டையிலுள்ளவை ஒத்துச் சொன்னால் உண்மை எனக் கொள்ளலாம் என்றோம். இதற்கு ஒரு வரையறை உண்டு. திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் இதனை நுட்பமாகக் கூறுகின்றது. ஓர் ஒற்றன் சொன்னதை வேறோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். மூவர் சொல் ஒத்தால் நம்பலாம். அம்மூவரும் ஒருவரை ஒருவர் அறியாதவாறு ஆளப்பட வேண்டும் என்பது அங்குள்ள கருத்து. ஒருவரை ஒருவர் அறியாமை என்னும் இந்நிபந்தனையே முதன்மையானது. ஒரே மூலத்திலிருந்து பிழை பெறும் மூவர், எண்ணிக்கையில் மூவராயினும் சாட்சியத்தில் ஒருவரே.

2009ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் ஏர் பிரான்ஸ் நிறுவனத்தின் 447ஆம் எண் விமானம் அட்லாண்டிக் பெருங்கடலில் விழுந்து 228 பேர் மாண்டனர். வேகத்தை அளக்கும் குழாய்கள் அதில் ஒன்றல்ல, மூன்று இருந்தன. மூன்றும் ஒரே வகை. மூன்றும் ஒரே பனித்துகள் மேகத்துள் நுழைந்து சிறிது நேரம் அடைபட்டன. வேக அளவு நம்பத்தகாததாகி, தானே ஓட்டும் கருவி விலகிக்கொண்டது. அதன் பின் விமானிகள் கையாண்ட முறையும் சேர்ந்து விபத்து நேர்ந்தது. ஒரு பாலத்தின் கீழ் ஒரே தொழிற்சாலையில் செய்த மூன்று நீர்மட்ட உணரிகளை அருகருகே வைத்தாலும் இதே நிலைதான். ஒரு மரக்கட்டை வந்து மோதினால் மூன்றும் சேர்ந்து பிழை சொல்லும்.

தனித்து நிற்கும் உண்மை

இனி, இதற்கு நேர்மாறான இடர் ஒன்று. காட்டில் தீ பிடிக்கும்போது முதலில் சூட்டை உணர்வது தீக்கு மிக அருகிலுள்ள ஓர் உணரியே. சுற்றிலுமுள்ளவை குளிர்ச்சி என்று சொல்ல, அது மட்டும் சூடு என்று சொல்லும். பெரும்பான்மை வழியே சென்றால் உண்மை சொன்னதைப் பொய்யன் என்று ஒதுக்கிவிடுவோம்.

1985ஆம் ஆண்டு மே மாதம் ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனதன் ஷாங்ளின் ஆகிய மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், அண்டார்ட்டிகாவின் ஹாலே விரிகுடா நிலையத்தில் தரையிலிருந்து அளந்து, வசந்தகாலத்தில் ஓசோன் படலம் பெரிதும் குறைந்து வருவதை உலகுக்கு அறிவித்தனர். அமெரிக்காவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோளும் அக்குறைவை அளந்தே இருந்தது. ஆயின் 180 டாப்சன் அலகுக்குக் கீழான அளவுகளை ஐயத்திற்குரியவை எனக் குறிக்கும்படி அதன் கணினி முறை அமைக்கப்பட்டிருந்தது; அவ்வளவு குறைவு இயற்கையில் நேராது என்று கருதினர். நல்வினையாக அவ்வளவுகள் அழிக்கப்படவில்லை. மீண்டும் எடுத்து ஆராய்ந்தபோது, ஓசோன் குறைவு எவ்வளவு பரப்பில் உள்ளது என்பதை அவையே காட்டின.

ஐயத்திற்குரிய சொல்லைத் தூக்கி எறியலாகாது. தனியே வைத்து மீண்டும் கேட்க வேண்டும். வேறு வகையான கருவியைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்பது இதனால் பெறும் பாடம்.

மதிப்பிடும் முறை

ஒரு நம்பக முறை நல்லதா என்று மதிப்பிடுவது எப்படி? 100 உணரிகளுள் 10 பொய்யானவை எனக் கொள்வோம். ஒரு முறை அவற்றுள் 9ஐப் பிடிக்கின்றது. ஆனால் நல்லவை 90இல் 9ஐயும் பொய்யன என்று ஒதுக்குகின்றது. சரியாகத் தீர்ப்புச் சொன்னவை 9ம் 81ம் சேர்ந்து 90. ஆகவே நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண். மற்றொரு முறை ஒன்றையும் ஐயுறாமல் எல்லாம் நல்லவை என்று சொல்கின்றது. அதற்கும் நூற்றுக்குத் தொண்ணூறே! ஒன்று முயன்று பெற்றது, மற்றது உறங்கிப் பெற்றது. மதிப்பெண் இரண்டுக்கும் ஒன்று.

எனவே ஒரே எண்ணைக் கொண்டு தீர்ப்பளித்தல் தகாது. பொய்யானவற்றுள் எத்தனை பிடிபட்டன, நல்லவற்றுள் எத்தனை வீணாகத் தண்டிக்கப்பட்டன, பொய் தொடங்கியபின் எவ்வளவு நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்டது, இக்காவலுக்காக மின்கலத்தில் எவ்வளவு செலவாயிற்று ஆகிய நான்கையும் தனித்தனியே கேட்க வேண்டும். எந்தத் தவறு கொடியது என்பது இடத்தைப் பொறுத்தது. பறவைக் கூட்டில் ஓர் உண்மை தவறிப்போனால் ஒரு நாளைய கணக்குக் குறையும். ஆற்றங்கரையில் தவறினால் உயிர் போகும்.

அபாயச் சங்கு வீணாக ஊதுவதும் சிறு தவறன்று. மக்கள் மனத்திலும் இதே கூட்டலும் வகுத்தலும் நடக்கின்றன. இரண்டு முறை வெள்ளமின்றி ஊதிய சங்கு மூன்றாம் முறை ஊதும்போது, கிழவியும் குழந்தைகளும் உள்ள வீட்டில் எழலாமா வேண்டாமா என்னும் பேச்சு எழும். பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் நீர் வாசற்படியைத் தொட்டுவிடும். கருவியின் நம்பகத்தை அறிஞர் செப்பமாக அளந்து காப்பது, முடிவில் அந்த வீட்டார் தயங்காமல் எழுவதற்கே. நம் மாணவர் நாளை இக்கருவிகளை அமைப்பவராகவும் வரலாம், அவற்றின் சொல்லைக் கேட்டு நடப்பவராகவும் இருக்கலாம். சொன்னவர் யார், சொன்னது உண்மையா, அதனை வேறு எவ்வழியால் அறியலாம் என்னும் மூன்று வினாக்களை அவர்கள் வழக்கமாகக் கேட்கும்படி இப்போதே பழக்குவது ஆசிரியர் கடமை.